பூங்காவும் வேலியும்: திறந்தவெளி விலங்குக் காட்சியின் வரலாறும் சில தமிழ்ச் சொற்களும்

அயல்நாட்டு விலங்குகள் தம் விருப்பப்படி உலவுகின்ற பூங்கா ஒன்றிற்குச் செல்லும் பார்வையாளர், பலகணிகளில் கம்பிவலை பொருத்திய பேருந்தினுள் அமர்கிறார். இரட்டைக் கதவுகளுள் ஒன்று மூடிய பின்னரே மற்றொன்று திறக்கிறது. வெளியே சிங்கம் நடக்கிறது. உள்ளே மனிதர் அமர்ந்திருக்கின்றனர். கூண்டில் இருப்பவர் யார் என்னும் வினாவை வேடிக்கையாக எழுப்பாத பேருந்து அரிது. இத்தகைய பூங்காக்களைப் பற்றிய விளம்பரங்களிலும் வழிகாட்டி நூல்களிலும் ‘தடையின்றித் திரியும்’, ‘இயற்கைச் சூழலில் வாழும்’ ஆகிய தொடர்கள் தவறாது இடம்பெறுகின்றன. ஆயினும் சிங்கத்தின் நிலத்திற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைப் பார்வையாளரின் கண்ணிலிருந்து மறைக்கும் பணியைக் கட்டடக் கலை தொடங்கி வைத்தது. அதே பணியை மொழி எவ்வாறு தொடர்ந்து செய்து வருகிறது என்பதை இப்பூங்காக்களின் வரலாற்றினூடே காண இக்கட்டுரை முற்படுகிறது.

சொல்லினுள் இருந்த மதில்

ஐரோப்பிய மொழிகளில் இவ்விடங்களைக் குறிக்கும் சொற்கள் பலவும் தொடக்கத்தில் அடைப்பையே குறித்தன. ‘பார்க்’ என்னும் ஆங்கிலச் சொல், வேட்டை விலங்குகளை வைப்பதற்காக வேலியிடப்பெற்ற நிலம் என்னும் பொருளிலேயே முதலில் வழங்கியது. ‘கார்டன்’ என்பதும் வேலியிட்ட முற்றத்தைக் குறிக்கும் ‘யார்டு’ என்னும் சொல்லுக்கு உறவுடையது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், பழைய ஈரானிய மொழியில் சுற்றுமதில் என்னும் பொருளுடைய ‘பைரிதைஸ’ என்ற சொல்லைக் காணலாம். பாரசீக அரசர்கள் மதில் சூழ்ந்த நிலங்களில் விலங்குகளை வளர்த்து வேட்டையாடினர். கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் அந்நிலங்களைப் ‘பரதைசோஸ்’ என்று குறித்தார். விண்ணுலகைக் குறிக்கும் சொல்லாகப் பின்னர் மாறிய இது, தமிழ் விவிலியத்தில் ‘பரதீசு’ என்று இடம்பெற்றுள்ளது. விலங்குகளை அடைத்து வைத்த மதிலின் பெயரே வீடுபேற்றின் பெயராயிற்று என்பது சொல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தமிழில் ‘பார்க்’ என்பதற்கு ஈடாக நிலைபெற்ற ‘பூங்கா’ என்னும் சொல்லில் மதில் இல்லை. பூவும் காவுமே உள்ளன. சோலையைக் குறிக்கும் ‘கா’ என்னும் பெயரும், காத்தலைக் குறிக்கும் ‘கா’ என்னும் வினையும் ஒலியால் ஒன்றாயினும், அகராதிகள் அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே கொள்கின்றன. விலங்கை அடைத்து வைக்கும் இடத்திற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தொழு, பட்டி, கொட்டில், கிடை என்பன உழவர் வழக்கில் இன்றும் உள்ளன. அவை வீட்டு விலங்குகளுக்கு உரியவை. காட்சிக்கு உரியவை அல்ல. எனவே, மொழிபெயர்ப்பாளர் ‘பார்க்’ என்பதைப் ‘பூங்கா’ எனப் பெயர்த்த அளவிலேயே மூலச்சொல்லின் பழைய வேலி உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளில் நிகழ்ந்த மறதி தமிழில் ஒரே பெயர்ப்பில் நிகழ்ந்தது எனலாம்.

‘விலங்கு’ என்னும் சொல்லும் ஈண்டுக் கருதத்தக்கது. இச்சொல்லுக்கு மா என்றும் தளை என்றும் பொருள் உண்டு. குறுக்காதல், குறுக்கே கிடத்தல் என்னும் கருத்திலிருந்தே இரு பொருளையும் விளக்குவர். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கு மாறாக, உடல் கிடைமட்டமாக அமைய நடப்பது விலங்கு. இயக்கத்தைக் குறுக்கிட்டுத் தடுப்பதும் விலங்கு. வடமொழியில் குறுக்காகச் செல்வது என்னும் பொருளுடைய ‘திர்யக்’ என்னும் சொல்லும் விலங்கினத்தைக் குறித்தல் இதற்கு ஒப்பாகும். தளைக்கப்பட்டதால் விலங்கு எனப் பெயர் பெற்றது என்று மேடைகளில் கூறப்படும் விளக்கம் சுவையானது, சொல்லிலக்கணத்திற்கு ஒவ்வாதது.

ஸ்டெல்லிங்கனில் மறைந்த கம்பிகள்

கம்பிகளை அகற்றிய காட்சியின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் (1844–1913), ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பிடிக்கப்பட்ட விலங்குகளை ஐரோப்பிய, அமெரிக்கக் காட்சிசாலைகளுக்கும் சர்க்கஸ் நிறுவனங்களுக்கும் விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர். கம்பியில்லாக் காட்சியமைப்பு ஒன்றிற்கு 1896ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். 1907 மே 7 அன்று ஹாம்பர்க்கை அடுத்த ஸ்டெல்லிங்கனில் அவருடைய விலங்குப் பூங்கா திறக்கப்பெற்றது. அதற்கு அவர் ‘விலங்கியல் தோட்டம்’ என்னும் கல்விமணம் கமழும் பெயரைத் தவிர்த்து, ‘டீயர்பார்க்’, அதாவது விலங்குப் பூங்கா, என்று பெயரிட்டார்.

அங்கு முன்னே நீர்ப்பறவைகள் நீந்தும் குளமும், அதன் பின்னே புல்மேயும் விலங்குகளின் வெளியும், அதற்கும் பின்னே சிங்கங்களின் இடமும், யாவற்றிற்கும் பின்னணியாகச் செயற்கைப் பாறை மலையும் அடுக்கடுக்காக அமைந்திருந்தன. ஒவ்வோர் அடுக்கிற்கும் இடையே ஆழமான அகழி உண்டு. குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் பார்வையாளருக்கு அகழிகள் புலப்படா. சிங்கமும் அதன் இரையும் ஒரே நிலத்தில் நிற்பதாகவே தோன்றும். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தொலைவும் உயரமும் தாண்டும் என்பதை ஹாகன்பெக் முன்னரே சோதித்து அறிந்திருந்தார். காட்சியின் சுதந்திரம் அந்த அளவீட்டின் மீது நின்றது.

இவ்வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. கம்பியை நீக்கிய இதே மனிதர் 1870களின் நடுப்பகுதி முதல் மனிதர்களையும் காட்சிப்படுத்தி வந்தார். வட ஐரோப்பாவின் சாமி மக்கள், நூபியர், இன்யூட் மக்கள் ஆகியோரைத் தொடர்ந்து, 1880களில் இலங்கையிலிருந்து அழைத்துச் செல்லப்பெற்ற ஆடவரும் பெண்டிரும் யானைகளோடு ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டனர். ‘ஃபோல்கர்ஷௌ’ என்று ஜெர்மானியர் இதனை அழைத்தனர். ‘மக்கட் காட்சி’ என்று இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், மக்கள் காணும் காட்சி என்றும், மக்களே காட்சியாதல் என்றும் இருபொருள் படும். இந்த மயக்கத்தை நீக்கி ‘மனிதக் காட்சிசாலை’ என்று பெயர்ப்பதே நேரிது. அது கடுமையாக ஒலிப்பது குறையன்று, செயல் கடுமையானது. ஹாகன்பெக் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பும் விலங்குகளையும் மனிதர்களையும் ஓர் உம்மையால் இணைத்தே நிற்கிறது.

கொழும்பிலிருந்து தில்லிக்கு

கார்லின் மாற்றாந்தாய்வழித் தம்பி ஜான் ஹாகன்பெக் (1866–1940) இலங்கையில் குடியேறி விலங்கு வணிகம் நடத்தினார். 1920களின் இறுதியில் கொழும்பை அடுத்த தெஹிவளையில் அவர் தொடங்கிய விலங்குக் காட்சி நிலையம் 1936ஆம் ஆண்டில் அரசின் உடைமையாயிற்று. ஈழத்துத் தமிழில் அது இன்றளவும் ‘மிருகக்காட்சிசாலை’ என்றே வழங்குகிறது. 1950களில் தில்லியில் தேசிய அளவிலான விலங்குக் காட்சிசாலை ஒன்றை அமைக்க இந்திய அரசு முடிவு செய்தபோது, முதலில் திட்டம் வரைந்தவர் தெஹிவளைக் காட்சிசாலையின் தலைவராயிருந்த மேஜர் ஆப்ரி வைன்மன். அவர் தொடர்ந்து பணியாற்ற இயலாத நிலையில் ஹாம்பர்க்கிலிருந்து அழைக்கப்பெற்றவர், நிறுவனரின் குடும்பத்தைச் சேர்ந்தவரும் அதே பெயரினருமான கார்ல் ஹாகன்பெக். 1956ஆம் ஆண்டில் அவர் அளித்த திட்டம் அகழி சூழ்ந்த திறந்த இருப்பிடங்களைப் பரிந்துரைத்தது. 1959 நவம்பர் 1 அன்று அக்காட்சிசாலை திறக்கப்பெற்றது. விடுதலை பெற்ற இந்தியா தன் தலைநகரில் அமைத்த விலங்குக் காட்சிசாலையின் அமைப்புக்குள் ஹாம்பர்க் வணிகக் குடும்பத்தின் இரு கிளைகளும் இவ்வாறு வந்து சேர்ந்தன.

அது அமைந்த இடமோ புராணா கிலா என்னும் பழைய கோட்டையின் அருகில். ‘அகழி’ என்பது தமிழில் கோட்டைக்கு உரிய சொல். மதிலும் அகழியும் பகைவரை வெளியே நிறுத்துவதற்காக அமைந்தவை. காட்சிசாலையில் அதே சொல் எதிர்த்திசையில் இயங்குகிறது. உள்ளிருப்பதை வெளிவராது நிறுத்துகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லைத் தயக்கமின்றி ஏற்றது நற்செயலே. பூங்கா என்ற சொல்லில் உதிர்ந்த எல்லையை அகழி என்ற சொல் மீட்டுத் தருகிறது. 2014 செப்டம்பரில் தில்லிக் காட்சிசாலையின் வெள்ளைப்புலி இருப்பிடத்து அகழிக்குள் சென்றுவிட்ட இளைஞர் ஒருவர் புலியால் கொல்லப்பட்டார். அவர் தவறி விழுந்தாரா, தாண்டிக் குதித்தாரா என்பதில் செய்திகள் வேறுபட்டன. இரண்டு வினைகளும் தடையின் மேல் வெவ்வேறு தீர்ப்பு வழங்குகின்றன. முதல் வினை தடை போதாது என்கிறது. இரண்டாவது வினை தடை இருந்தது என்கிறது.

சஃபாரியும் உலாவும்

இங்கிலாந்தில் இக்கருத்து வேறு வடிவம் கொண்டது. லண்டன் விலங்கியல் கழகம், பீட்டர் சால்மர்ஸ் மிட்செலின் முயற்சியால் பெட்ஃபோர்டுஷயரில் கைவிடப்பட்ட பண்ணை நிலத்தை 1926ஆம் ஆண்டில் வாங்கி, 1931 மே 23 அன்று விப்ஸ்னேடு பூங்காவைத் திறந்தது. ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புடைய அப்பூங்காவில், ஆஸ்திரேலியாவின் வாலபி என்னும் சிறு கங்காரு வகையும், தென்னமெரிக்காவின் மாரா என்னும் கொறிவிலங்கும் பார்வையாளர் நடக்கும் புல்வெளியிலேயே திரிந்தன. இங்குப் பார்வையாளருக்கும் விலங்குக்கும் இடையே அகழியும் இல்லை. இருவரையும் ஒருங்கே சூழ்ந்த புறவேலி மட்டுமே உண்டு. 1966ஆம் ஆண்டில், சர்க்கஸ் குடும்பத்தினரான ஜிம்மி சிப்பர்ஃபீல்டும் பாத் பிரபுவும் லாங்லீட் மாளிகை நிலத்தில் சிங்கங்களை உலவவிட்டு, பார்வையாளரை அவரவர் சீருந்துகளிலேயே அவற்றினிடையே செல்ல வைத்தனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இவ்வகையில் இதுவே முதலாவது எனப் பெயர் பெற்றது. ‘சஃபாரிப் பூங்கா’ என்னும் தொடர் இதன்பின் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் 1984ஆம் ஆண்டில் சிங்க சஃபாரியும், 1991ஆம் ஆண்டில் வெள்ளைப்புலி சஃபாரியும் தொடங்கப்பெற்றன.

சஃபாரி என்பது சுவாஹிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல். ‘சஃபர்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. சுமைகூலிகளோடு நடைபெற்ற நெடும்பயணங்களையும், பின்னர் வேட்டைப் பயணங்களையும் குறித்து ஆங்கிலத்தில் புகுந்து, அவ்வழியே தமிழுக்கு வந்தது. ஆனால் அதன் வேர்ச்சொல் தமிழுக்கு முன்னரே அறிமுகமானது. கடற்கரைத் தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் ‘சபர்’ என்பது பயணம். பொருளீட்ட அயல்நாடு செல்பவர் ‘சபராளி’. ஒரே அரபுச் சொல் வணிகத்தின் வழியே ஒருமுறையும் வேட்டையின் வழியே மறுமுறையும் தமிழை அடைந்துள்ளது. இரண்டையும் உறவுடையவை என்று பேசுவோர் உணர்வதில்லை.

எவ்வாறாயினும் சஃபாரியில் பயணம் செய்பவர் மனிதரே. தமிழில் இதற்கு ஈடாக வழங்கப்பெறும் ‘உலாவிடம்’ என்னும் சொல்லோ எழுவாயை மாற்றிவிடுகிறது. சிங்க உலாவிடம் என்றால் உலவுவது சிங்கம். இம்மாற்றம் தமிழ் இலக்கிய மரபிற்கு இயைந்தது என்பது கவனிக்கத்தக்கது. ‘உலா’ என்னும் சிற்றிலக்கிய வகையில் தலைவன் வீதியில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிர் அவனைக் காண்கின்றனர். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலாவிலும் ஒட்டக்கூத்தரின் மூவருலாவிலும் உலாப் போகின்றவரே காணப்படுகின்றவர். இருபதாம் நூற்றாண்டின் ‘சுற்றுலா’ என்னும் சொல் இம்மரபைத் தலைகீழாக்கியது. உலாப் போகின்றவர் காண்கின்றவரானார். ‘உலாவிடம்’ என்பதில் சொல் மீண்டும் பழைய திசைக்குத் திரும்பியுள்ளது. ஆக, பேருந்தில் செல்வோர் சுற்றுலாவினர், சிங்கம் உலாவினது. ஆனால் உலாத் தலைவனின் வீதிக்கு முடிவில் வேலி இல்லை. ‘உலாவிடம்’ என்பது அழகிய சொல்லாக்கம். அதன் அழகே அதன் குறையும் ஆகும். சிங்கத்திற்கு வழங்கும் பெருமையில் எல்லையை அது முற்றிலும் விட்டுவிடுகிறது.

உயிர்க் காலேஜ் முதல் வண்டலூர் வரை

சென்னை நகரில் 1855ஆம் ஆண்டில் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சி ஒன்றைத் தொடங்கினார். கர்நாடக நவாபின் விலங்குத் தொகுதியும் அதிற் சேர்ந்தது. 1861ஆம் ஆண்டளவில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க் என்னும் இடத்திற்கு மாற்றப்பெற்றன. நகர மக்கள் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், பதப்படுத்திய உடல்களும் எலும்புகளும் உள்ள அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தனர். ஓரிடத்தில் பிறந்து பிரிந்த இரு நிறுவனங்களைப் பெயரிலும் இணையாக வைத்த இவ்வழக்கு, புலவர் குழு எதுவும் உருவாக்காத இரட்டைக் கலைச்சொல். காட்சிசாலையின் நோக்கம் கல்வி என்பதையும், அங்குக் காணப்படுவது உயிர் என்பதையும் மக்கள் வழக்கு இரண்டே சொற்களில் கூறிவிட்டது.

1985 ஜூலை 24 அன்று வண்டலூரில் காப்புக்காட்டு நிலத்தில், அகழி சூழ்ந்த விரிந்த இருப்பிடங்களோடு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பெற்றது. நகரக் கூண்டுகளின் காலம் அத்துடன் முடிந்தது. ‘உயிரியல்’ என்பது ‘பயாலஜி’ என்பதற்குரிய கலைச்சொல். ‘சுவாலஜி’ என்பதற்கு ‘விலங்கியல்’ என்னும் சொல் உண்டு. எனவே ‘விலங்கியல் பூங்கா’ என்பதே நேர்ப்பெயர்ப்பு. அங்கும் இங்கும் அச்சொல்லும் வழங்குகிறது. ஆயினும் ‘உயிரியல்’ நிலைத்தது. உயிர்க் காலேஜின் உயிர் இப்பெயரில் எஞ்சியிருக்கிறது என்று எண்ணுவது இனியது. தற்செயல் என்பதே பெரிதும் ஏற்கத்தக்கது. அண்டை மொழிகளில் மலையாளம் ‘மிருகசால’ என்றும், கன்னடம் ‘மிருகாலய’ என்றும், தெலுங்கு ‘ஜந்து பிரதர்சனசால’ என்றும் வழங்க, இந்தியின் பேச்சு வழக்கு ‘சிடியாகர்’, அதாவது பறவை வீடு, என்கிறது. சாலை, ஆலயம், வீடு என இவை யாவும் கட்டடத்தைக் குறிப்பன. கட்டடம் அகன்ற பின்னரும் பெயர்கள் அகலவில்லை. தமிழ்நாட்டுத் தமிழே கட்டடத்தை விட்டுப் பூங்காவிற்கு வந்தது.

பூங்காவின் பெயர்ப்பலகைகளில் பார்வையாளர் படிக்கும் அயல்நாட்டு விலங்குப் பெயர்கள் தனி ஆய்வுக்கு உரியவை. ஆப்பிரிக்கத் தீக்கோழியைப் பாரசீகம் ‘சுதுர்முர்க்’ என ஒட்டகப் பறவையாகக் காண்கிறது. மலையாளத்தின் ‘ஒட்டகப்பட்சி’யும் அவ்வழியதே. தமிழின் ‘தீக்கோழி’யும் தெலுங்கின் ‘நிப்புகோடி’யும் பிறிதொரு மரபின. அப்பறவை நெருப்புக் கங்குகளை விழுங்கும் என்பதை 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல் ஜாஹிஸ் தம் விலங்கு நூலில் குறித்துள்ளார். தமிழ்ப் பெயர் அந்நம்பிக்கையின் எச்சம் எனக் கருதலாம். கிரேக்கர் ஆற்றுக்குதிரை என்றதையும் இந்தி ‘தரியாயி கோடா’ என்றதையும் தமிழ் ‘நீர்யானை’ என்றது. வங்காளத்தின் ‘ஜலஹஸ்தி’ இதற்குத் துணை.

‘ஒட்டகச்சிவிங்கி’ என்னும் பெயரோ ஓர் இழப்பின் பதிவு. ஒட்டகமும் சிறுத்தையும் கலந்தது என்னும் கிரேக்க, இலத்தீனப் பெயரின் பெயர்ப்பாகிய இதில், புள்ளியுடைய விலங்கைக் குறிக்கச் ‘சிறுத்தை’ வரவில்லை. வேட்டைக்குப் பழக்கப்பெற்ற ‘சிவிங்கி’ வந்தது. சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. விலங்கு மறைந்தபின் அதன் தமிழ்ப்பெயர் ஓர் ஆப்பிரிக்க விலங்கின் பெயருக்குள் ஒதுங்கி வாழ்ந்தது. பின்னொட்டின் பொருளை அறியாமலே பள்ளிச் சிறுவர் அதனை உச்சரித்தனர். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவிற்குக் கொண்டுவரப்பெற்றபோது, தமிழ் இதழ்கள் சில ‘சிறுத்தை’ என்றும் சில ‘சிவிங்கிப்புலி’ என்றும் எழுதின. சிறுத்தை இந்நாட்டுக் காடுகளில் இன்றும் வாழும் வேறொரு விலங்கு ஆதலின், பின்னதே பொருந்தும். ஒட்டகச்சிவிங்கியில் காப்பாற்றப்பட்ட சொல் அவ்வாறு உரிய விலங்கிற்கு மீண்டது.

சட்டத்தின் சொல்

வழிகாட்டி நூல்கள் தவிர்க்கும் சொல்லைச் சட்டம் தவிர்க்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்குக் காட்சிசாலைக்குத் தரப்பெற்ற வரையறை, சிறைப்பட்ட விலங்குகளைப் பொதுமக்களின் காட்சிக்கு வைக்கும் நிறுவனம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. 1992ஆம் ஆண்டில் அமைந்த மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையம் இவ்வரையறையின் கீழ் வருவனவற்றையே மேற்பார்க்கிறது. அங்கு அகழியும் கம்பியும் ஒன்றே. ‘சரணாலயம்’ என்பது இதனின்றும் வேறு. விலங்கு தானே வந்து தங்கும் இடம். வேடந்தாங்கலுக்குப் பொருந்தும் இச்சொல்லை வண்டலூருக்கு வழங்கும் செய்தி மொழிபெயர்ப்புகள் பிழையானவை.

2023ஆம் ஆண்டில் நிறைவேறிய வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே உள்ள காட்டு நிலத்தில் அரசுக்குரிய விலங்குக் காட்சிசாலைகளும் சஃபாரிகளும் அமைப்பதைக் காடு சாராப் பயன்பாடு என்னும் வகையிலிருந்து விலக்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தன் முன் இசைவின்றிக் காட்டு நிலத்தில் அவற்றை அமைக்கலாகாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அகழி தோண்டி, வேலியிட்டு, விலங்கைக் கொணர்ந்து வைக்கும் பணி காட்டின் பயன்பாடா, அன்றா என்பதே வழக்கின் ஒரு கூறு. இச்சட்டத்தைத் தமிழில் பெயர்ப்போர் ‘சஃபாரி’ என்று எழுதினால் அது பயணம் போலத் தோன்றும். பயணத்திற்கு எவரும் காட்டை அழிப்பதில்லை. ‘உலாவிடம்’ என்று எழுதினால், விலங்கு ஏற்கெனவே உலவும் காடு என்று பொருள்படும். ‘வேலியிட்ட விலங்கு உலாவிடம்’ என்பது நீண்ட தொடர்தான். ஆயினும் காட்டு நிலத்தில் எது கட்டப்படுகிறது என்பது அத்தொடரில் மட்டுமே தெரிகிறது.